முதல் நாளே ஜம்ப் அடிக்க விடாத பயிற்சியாளரைத் தேடுங்கள்

கனடாவின் ரொறன்ரோ நகரத்து ஸ்காபரோவில் இருந்து ஒரு வாசகர் நான்கு பக்கத்துக்குக் கடிதம் எழுதியிருக்கிறார். வயது 39, வங்கி வேலை, மனைவி, 14 வயதில் ஒரு மகன். 2020 முடக்கத்தில் அறைக்குள்ளேயே கிடந்த மகனை வெளியில் இழுப்பதற்காக இரண்டு மவுண்டன் பைக் வாங்கினாராம். கடைசியில் மகனைவிட இவருக்குத்தான் பைத்தியம் பிடித்தது. டொன் பள்ளத்தாக்கின் ஒற்றையடிப் பாதைகளும் டர்ஹம் காடும் இப்போது இவருக்குத் தண்ணீர் பட்ட பாடு.

கடந்த ஜூலையில் ஒரு பைக் பார்க்குக்குப் போயிருக்கிறார்கள். அங்கே ஒரு டேபிள்டாப்: ஏறுமேடு, நடுவில் மேசை மாதிரித் தட்டை, அப்புறம் இறங்குசரிவு என்று மண்ணால் கட்டிய ஜம்ப். நண்பர்கள் ஒருவர் பின் ஒருவராகத் தாவிப் போக, இவரும் போனார். "பின்னால சாய்ஞ்சு ஹாண்டிலை இழு" என்று ஒரு நண்பர் சொல்லியிருந்தார். இழுத்தார். காற்றிலேயே முன்சக்கரம் கீழே குத்தியது. ஹாண்டிலுக்கு மேலால் போய் வலது தோளில் விழுந்தார். காறை எலும்பு முறிந்து, தகடு வைத்தார்கள். "விழுந்த பிறகு ஐந்து நிமிஷம் என்ன நடந்தது என்று ஞாபகமில்லை, ஆனால் தலைக்கவசத்தில் ஒரு கீறல்கூட இல்லை" என்று நடுவில் ஒரு வரி.

பத்து மாதமாகிவிட்டது. இனி சைக்கிள் ஓடலாம் என்று சத்திரசிகிச்சை செய்தவர் சொல்லிவிட்டார். ஆகஸ்டில் நண்பர்கள் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தில் உள்ள விஸ்லர் பைக் பார்க்குக்குப் போகிறார்கள். அங்கே ஏ-லைன் என்கிற ஜம்ப் பாதையை ஓட வேண்டும் என்பது இவருடைய கனவு. ஆனால் முழங்கால் உயர மேட்டைக் கண்டாலே விரல் தானாகப் பிரேக்குக்குப் போகிறது. இரண்டு மணி நேரத்துக்கு 180 டொலர் கேட்கும் பயிற்சியாளரிடம் போவதா, இலவசமாகச் சொல்லித் தருகிறேன் என்கிற கெட்டிக்கார நண்பரிடம் கற்பதா, வீடியோவே போதுமா? இந்த வயதில் இது தேவையா? பார்க்கின் மேல் வழக்குப் போடலாமா? மகனும் ஜம்ப் கேட்கிறான், விடலாமா? "சைக்கிளா, குடும்பமா?" என்று மனைவி கேட்கிறார், என்ன பதில் சொல்வது?

அன்புள்ள வாசகரே,

நான் விளையாட்டுக் காயங்களைப் பார்க்கிற மருத்துவர். 46 வயதில் மவுண்டன் பைக் ஏறியவளும்கூட. ஆகவே இந்த வயதில் தேவையா என்ற கேள்வியை என்னிடம் கேட்டது உங்கள் மனைவிக்குக் கொஞ்சம் அநியாயம்தான். எனக்கு எந்தப் பக்கம் சாய்வு என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

ஜம்பைப் பற்றிப் பேசுவதற்கு முன், நீங்கள் ஒற்றை வரியில் கடந்து போன அந்த ஐந்து நிமிஷத்துக்கு வருகிறேன். அடிபட்டு ஞாபகம் தப்பினால் மூளை அதிர்ந்திருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். எலும்பு முறிந்தவருக்கு எல்லாரும் தோளைத்தான் பார்ப்பார்கள். தலையை யாரும் கேட்கமாட்டார்கள். பெரும்பாலும் அது தானாகவே ஆறியிருக்கும். ஆனால் அதற்குப் பிறகு தலைவலி கூடியிருக்கிறதா, கணினித் திரையைப் பார்த்தால் களைப்பு வருகிறதா, தூக்கம் கெட்டதா, எதற்கெடுத்தாலும் எரிச்சல் வருகிறதா? ஒன்றுக்காவது ஆம் என்றால், ஜம்புக்கு முன் குடும்ப மருத்துவரிடம் போய் இந்த வரியைச் சொல்லுங்கள். இன்னொரு விஷயம்: தலைக்கவசத்தில் கீறல் இல்லை என்பது மண்டை ஓட்டுக்கு நல்ல செய்தி, மூளைக்கு அல்ல. கவசம் மண்டையைக் காக்கும், முழுமுகக் கவசம் தாடையையும் பல்லையும் காக்கும். மண்டைக்குள்ளே மூளை குலுங்குவதை எந்தக் கவசமும் முற்றாகத் தடுக்காது.

நீங்கள் விழுந்தது ஏன்

துணிவு போதாமல் விழுந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். இல்லை. நண்பர் சொல்லிக் கொடுத்ததை நீங்கள் சரியாகச் செய்தீர்கள். சொல்லிக் கொடுத்ததுதான் பிழை.

ஊரில் ஊஞ்சலில் நின்றபடி உந்தியிருப்பீர்கள். எந்த இடத்தில் குந்த வேண்டும், எந்த இடத்தில் எழும்ப வேண்டும் என்று காலுக்குத் தெரியும். நேரம் தப்பினால் எவ்வளவு பலம் போட்டாலும் ஊஞ்சல் ஏறாது. ஜம்பும் அப்படித்தான். ஏறுமேட்டின் வளைவு சைக்கிளை மேலே தள்ளும். அந்த வளைவுக்குள் நுழையும்போது உடம்பைத் தாழ்த்தி, வளைவு முடியும் வரை இரு காலாலும் பெடலை அழுத்தி எழும்ப வேண்டும். அப்போது நீங்களும் சைக்கிளும் ஒன்றாக மேலே போவீர்கள். பின்னால் சாய்ந்து கையால் இழுத்தால் காலில் அழுத்தம் இல்லை. முழங்கால் தொய்ந்திருக்க, மேட்டின் விளிம்பு பின்சக்கரத்தை உதைத்து எறிகிறது. அதே நேரம் விளிம்பைத் தாண்டிய முன்சக்கரம் கீழே இறங்குகிறது. அதுதான் நீங்கள் சொன்ன குத்து. கடைசி நொடியில் கொஞ்சமாகப் பிரேக் பிடித்தேன் என்றும் எழுதியிருந்தீர்கள். அது முன்பக்கத்தை இன்னும் தாழ்த்தியிருக்கும், வேகத்தையும் தின்றிருக்கும்.

சைக்கிளையும் ஒருமுறை கடையில் காட்டுங்கள். பழையதை வாங்கியதாகச் சொல்கிறீர்கள். பின் ஷாக் அமுங்கிய பிறகு திரும்பி விரிகிற வேகம் உங்கள் எடைக்கு ஏற்றபடி வைக்கப்படவில்லை என்றால், அதுவும் பின்பக்கத்தை உதைக்கும். ஐந்து நிமிஷ வேலை. சப்பாத்தைப் பூட்டுகிற பெடலையும் இந்தக் கோடைக்குக் கழற்றி வையுங்கள். பூட்டிய காலால் சைக்கிளைத் தூக்கிவிடலாம். தூக்கத் தெரிந்த மாதிரி ஒரு மாயை வரும், உந்தத் தெரியாது. தட்டைப் பெடலில் பிழை விட்டால் உடனே தெரியும்.

இதையெல்லாம் ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், இப்போது உங்கள் விரல் பிரேக்குக்குப் போவதை நீங்கள் நோய் மாதிரி எழுதியிருக்கிறீர்கள். "இந்தப் பயத்தை எப்படி விரட்டுவது?" விரட்ட வேண்டாம். தெரியாத வேலையைச் செய்யச் சொன்னால் உடம்பு மறுக்கிறது. அது சரியாகத்தான் மறுக்கிறது. செய்ய வேண்டியது என்ன என்று கால் கற்றுக்கொண்டால் விரல் தானாக விடும். அதற்குப் பிறகும் சின்ன மேட்டிலேயே நெஞ்சு படபடத்து, விழுந்த காட்சி கனவிலும் வந்துகொண்டிருந்தால், அது வேறு. அப்போது உளவள ஆலோசகர் ஒருவரைப் பாருங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

தகடு, கவசம், வயது

"தகடு இருக்கிறபடியால் அந்த இடம் இனி உடையாதுதானே?" என்று கேட்டிருக்கிறீர்கள். இதை என் அறையில் அடிக்கடி கேட்கிறேன். தகடு, எலும்பு பொருந்தும் வரை பிடித்து வைத்திருக்கிற கட்டு மட்டும்தான். மறுபடி அதே தோளில் விழுந்தால், கெட்டியான தகடு முடிந்து வெறும் எலும்பு தொடங்குகிற ஓரத்தில் முறியலாம். தகடே வளையவும் செய்யலாம். பின்னாளில் தகட்டைக் கழற்றினால், ஆணி இருந்த துளைகள் நிரம்பும் வரை சில மாதம் அந்த எலும்பு பலவீனம். கழற்றுகிற எண்ணம் இருந்தால் எப்போது என்று சத்திரசிகிச்சை செய்தவரிடம் கேட்டு, ஜம்ப் பருவத்தை அதற்கேற்ப வையுங்கள்.

உடல் கவசம் போட்டால் போதுமா என்றால், தோல் உரிவதையும் முட்டி உடைவதையும் பெருமளவு குறைக்கும், போடுங்கள். ஆனால் காறை எலும்பு முறிவது தோளின் நுனியில் விழுகிற பாரம் அதன் வழியாகப் போவதால். மேலே கட்டிய மெத்தை அந்தப் பாரத்தை நிறுத்தாது. அப்புறம், விழும்போது கையை நீட்டி ஊன்றுகிற பழக்கம். பெருவிரல் அடியில், மணிக்கட்டில் வலி வந்து எக்ஸ்ரே சுத்தமாக இருந்தாலும் நம்ப வேண்டாம். அங்கே உள்ள படகெலும்பு முறிவு முதல் நாள் படத்தில் தெரியாமல் போகலாம். பத்துப் பதினாலு நாளில் மறுபடி படம் எடுக்கச் சொல்லுங்கள். இரத்த ஓட்டம் குறைந்த எலும்பு அது. கவனிக்காமல் விட்டால் மணிக்கட்டு ஆயுளுக்கும் நோகும்.

வயது 39 ஒரு தடையே இல்லை. ஆறுவது மெதுவாகும், வேலைக்கு லீவு கூடும், அவ்வளவுதான். என் சொந்தக் கணக்கு ஒன்று சொல்கிறேன், இது பாடப்புத்தக விதி அல்ல: வலியில்லாமல் இருபது தண்டால் எடுக்க முடியாத தோளோடு ஜம்ப் பக்கம் போக வேண்டாம். நிலத்தில் இறங்கும்போது காலோடு சேர்ந்து உங்கள் பாரத்தைத் தாங்குவதில் அந்தக் கைக்கும் பங்கு உண்டு.

ஆபத்தையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். மவுண்டன் பைக்கில் விழுந்து முதுகெலும்பில் அடிபட்டு, 1995 முதல் 2007 வரை வன்கூவரில் உள்ள சிறப்புப் பிரிவுக்கு வந்தவர்களைப் பற்றி ஒரு ஆய்வு வந்தது. மொத்தம் 107 பேர். அதில் 43 பேருக்கு முதுகுத்தண்டு நரம்பே பாதிக்கப்பட்டிருந்தது. மிகப் பெரும்பாலோர் ஆண்கள். சராசரி வயது முப்பதுகளின் தொடக்கம். மோசமான காயங்கள் மட்டுமே போகிற இடம் அது. ஆகவே சைக்கிள் ஓடுகிற எல்லாருக்கும் உள்ள ஆபத்தின் அளவு இது என்று எடுக்க வேண்டாம். ஆனால் உங்கள் மனைவியின் பயம் கற்பனை அல்ல என்பதற்கு இது போதும்.

யாரிடம் கற்பது

நண்பரிடம் வேண்டாம். அவர் நல்லவர், நன்றாகவும் பறப்பார். அதுதான் சிக்கல். பதினைந்து வயதில் பழகியவருக்குத் தன் கால் என்ன செய்கிறது என்றே தெரியாது. கை செய்வதுதான் கண்ணுக்குத் தெரியும், அதையே சொல்வார். "பின்னால சாய்ஞ்சு இழு" அப்படித்தான் பிறக்கிறது. நன்றாகச் சமைக்கிற அம்மாவிடம் அளவு கேட்டுப் பாருங்கள், "கண்ணளவு" என்பார்.

வீடியோ பயனுள்ளதுதான். கனடாவின் றயன் லீச் போன்ற மவுண்டன் பைக் வீரர்கள் இணையத்தில் படிப்படியாகப் பாடம் வைத்துக் கற்பித்திருக்கிறார்கள். அதில் இல்லாதது ஒன்றே ஒன்று: உங்களைப் பார்க்கிற கண். நாம் குனிந்திருக்கிறோம் என்று நினைப்போம், நேரே நிமிர்ந்து நிற்போம். போனை ஒரு கல்லில் சாத்தி, மெதுவோட்ட வீடியோ எடுத்துப் பார்த்தால் பாதிக் குறை தீரும்.

மீதிப் பாதிக்குத்தான் பயிற்சியாளர். கனடாவில் பலர் பி.எம்.பி.ஐ.ஏ. என்கிற தொழில்முறை மவுண்டன் பைக் பயிற்றுநர் சங்கத்தின் சான்றிதழ் வைத்திருப்பார்கள். அதில் படிநிலைகள் உண்டு. சான்றிதழ் இருக்கிறதா என்று மட்டும் கேட்டு நிறுத்தாமல், எந்தப் படிநிலை, அது ஜம்ப் கற்பிப்பதையும் உள்ளடக்குமா என்று கேளுங்கள். முதலுதவிப் பயிற்சி, காப்புறுதி, ஒரு வகுப்பில் எத்தனை பேர் என்பதையும் கேளுங்கள். ஜம்ப் வகுப்பில் ஆறு பேருக்கு மேல் என்றால் நான் போகமாட்டேன்.

எல்லாவற்றிலும் நான் மதிப்பு வைக்கிற கேள்வி இது: "முதல் நாள் என்ன செய்வோம்?" பதிலில் ஜம்ப் வந்தால் நன்றி சொல்லி விடைபெறுங்கள். நான் போன முதல் வகுப்பில் இரண்டு மணி நேரமும் கார் தரிப்பிடத்திலேயே நின்றோம். இடுப்பை மடித்து நிற்பது, காலால் அழுத்தி முன்சக்கரத்தை லேசாக்குவது, ஓடுகிற ஓட்டத்தில் ஒரு குச்சியைத் தாண்டுவது. காசு வீண் என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது. மூன்றாவது வகுப்பில், அடுத்தடுத்து மேடும் பள்ளமுமாகக் கட்டிய பம்ப் ட்ராக் என்கிற சுற்றுப்பாதையில் பெடல் மிதிக்காமலே ஒரு சுற்றுப் போனேன்; மேடு தள்ளுவதையும் நான் அதைத் தள்ளுவதையும் முதல் தடவையாக உணர்ந்தேன். ஜம்ப் அந்த உணர்வின் அடுத்த படிதான். உங்களுக்கு ரொறன்ரோவின் மேற்குப் பக்கத்தில் 2014இல் திறந்த சன்னிசைட் பைக் பார்க் இருக்கிறது. விடியற்காலையில் போங்கள், சின்னப் பிள்ளைகள் வருவதற்கு முன். அவர்கள் முந்திப் போவது மனதை உடைக்கும்.

பிறகு பார்க்குகளில் எல்லாரும் சொல்கிற ஒழுங்கு: புதுப் பாதையை முதல் தடவை மெதுவாக ஓடிப் பார், இரண்டாம் தடவை வேகம் பிடித்துப் பார், மூன்றாவதில்தான் தாவு. டேபிள்டாப் இரக்கமுள்ள ஜம்ப். எட்டவில்லை என்றாலும் நடுவில் மண் இருக்கும். நடுவில் வெறும் பள்ளமாக இருக்கிற கேப் ஜம்பில் அந்த இரக்கம் இல்லை. இந்த வருடம் கேப் ஜம்ப் எதற்கும் போகமாட்டேன் என்று எழுதி வையுங்கள்.

தலா 180 டொலருக்கு மூன்று வகுப்பு, ஒவ்வொன்றுக்கும் நடுவில் இரண்டு கிழமை தனியாகப் பழகுவது. ஒரே நாளில் ஆறு மணி நேர முகாமைவிட இது உங்களுக்கு நல்லது. களைத்த காலுக்கு எதுவும் ஏறாது.

நீங்கள் கையெழுத்துப் போட்ட தாள்

நான் வழக்கறிஞர் அல்ல, ஆனால் நோயாளிகள் கேட்டுக் கேட்டு இவ்வளவு தெரியும். வாசலில் நீங்கள் வாசிக்காமல் கையெழுத்திட்ட பொறுப்பு விலக்குத் தாளை வெறும் கடுதாசி என்று நினைக்கிறீர்கள். ஒன்ராறியோ மேன்முறையீட்டு நீதிமன்றம் 2018இல் பனிச்சறுக்குத் தளங்கள் தொடர்பான வழக்குகளில், இப்படியான விலக்குகளை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறியடிக்காது என்று தீர்ப்புச் சொன்னது. உங்கள் கதையில் பார்க்கின் கவனக்குறைவு என்று நீங்களே எதையும் குறிப்பிடவில்லை. சந்தேகம் தீர வேண்டுமானால் வழக்கறிஞரிடம் உடனே கேளுங்கள், கால எல்லை உண்டு. என் எண்ணத்தில், அந்தக் காசை வகுப்புக்குக் கொடுக்கலாம்.

காப்புறுதிதான் அதைவிட முக்கியம். வைத்தியசாலைச் செலவை ஒன்ராறியோ மாகாண அரசின் மருத்துவக் காப்புறுதியான ஓஹிப் பார்த்துக்கொள்ளும். உங்கள் வயதுக்கு வெளியில் செய்கிற பிசியோவைப் பொதுவாகப் பார்க்காது. விஸ்லரில் விழுந்தால் மருத்துவர் செலவுக்கு மாகாணங்களுக்கு இடையே ஏற்பாடு உண்டு, ஆனால் வேறு மாகாணத்தில் ஏறுகிற அம்புலன்ஸ் செலவு உங்கள் தலையில்தான். கனடாவுக்குள் போனாலும் பயணக் காப்புறுதி எடுங்கள். பைக் பார்க் ஓட்டம் அதில் விலக்கப்பட்டிருக்கிறதா என்று சின்ன எழுத்துகளை வாசியுங்கள். வங்கியில் இருக்கிற உங்களுக்கு நான் இதைச் சொல்ல வேண்டியிருக்கிறது!

மகனும் மனைவியும்

"நான் முதலில் கற்றுவிட்டு அவனுக்குச் சொல்லிக் கொடுப்பேன்" என்கிறீர்கள். நண்பரைப் பற்றி மேலே எழுதியதை மறுபடி வாசியுங்கள். இருவரும் ஒரே தொடக்க வகுப்புக்குப் போங்கள். மூன்றாம் வகுப்பில் அவன் உங்களை முந்துவான், தயாராக இருங்கள். பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்களோடு வேலை செய்வதற்கான பொலிஸ் சோதனைச் சான்று பயிற்சியாளரிடம் இருக்கிறதா என்று கேளுங்கள், நல்லவர் கோபிக்கமாட்டார்.

பையன்கள் தலையில் அடிபட்டதை மறைப்பார்கள், விளையாட்டு நின்றுவிடும் என்று. 2013இல் ஒட்டாவாவில் றோவன் ஸ்ரிங்கர் என்ற 17 வயதுப் பிள்ளை, முதல் அதிர்ச்சி ஆறுமுன் ரக்பி ஆட்டத்தில் மறுபடி அடிபட்டு இறந்தாள். அவள் பெயரில்தான் 2018இல் ஒன்ராறியோவில் சட்டம் வந்தது. மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்த நிமிஷமே ஆட்டத்தை விட்டு வெளியேற வேண்டும் என்பது அதன் சாரம். சட்டம் எந்த விளையாட்டுக்குப் பொருந்தும் என்பதை விடுங்கள், உங்கள் வீட்டில் அது சட்டமாக இருக்கட்டும். மகன் சொல்ல வேண்டுமானால் முதலில் அப்பா தன்னுடைய அந்த ஐந்து நிமிஷத்தை மேசையில் வைத்துச் சொல்ல வேண்டும்.

மனைவிக்கு என்ன பதில்? ஆறு கிழமை உங்கள் சட்டைப் பொத்தானைப் பூட்டிவிட்டவர் அவர்தானே. "சைக்கிளா, குடும்பமா?" என்பதற்குப் பதில் தேடாமல், எந்த நிபந்தனையில் அவருக்கு இரவில் நித்திரை வரும் என்று கேளுங்கள். தனியாக ஜம்ப் இல்லை, கேப் இல்லை, களைத்தால் வீடு. கடைசி நிபந்தனையை நானே சேர்க்கிறேன். "கடைசியா ஒருக்கா போயிட்டு வாறன்" என்று போனபோதுதான் விழுந்தேன் என்று எத்தனை பேர் என் முன்னால் உட்கார்ந்து சொல்லியிருக்கிறார்கள். முதல் வகுப்புக்கு அவரையும் கூட்டிப் போங்கள். இரண்டு மணி நேரம் நீங்கள் கார் தரிப்பிடத்தில் குச்சி தாண்டுவதைப் பார்த்தால் பயமும் கொஞ்சம் குறையும், சிரிப்பும் வரும்.

ஆகஸ்டில் விஸ்லருக்குப் போவதில் தவறில்லை. ஏ-லைன் கறுப்புக் குறியிட்ட, அதாவது கடினமான பாதை. பெரும்பாலும் டேபிள்டாப்புகள்தான். ஆனால் அடுத்தடுத்து வரும், பின்னால் ஆட்களும் வேகமாக வருவார்கள். நடுவில் நின்று யோசிக்க இடமில்லை. அதே பார்க்கில் கிராங்க் இட் அப் என்று நீலக் குறியிட்ட, அதாவது நடுத்தரமான ஜம்ப் பாதை இருக்கிறது. மூன்று வகுப்பும் நன்றாகப் போயிருந்தால் அதை மெதுவாகத் தொடங்குங்கள். ஏ-லைனை இந்த வருடம் ஓரத்தில் நின்று பாருங்கள். அவர்களுடைய கையைப் பார்க்காமல் முழங்காலைப் பாருங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் இந்தக் கிழமை ஒரு வேலை. அந்தக் கீறல் விழாத தலைக்கவசத்தை எறியுங்கள். அது ஒரு அடிக்குத்தான் செய்தது. உள்ளே நுரை நசிந்திருந்தால் வெளியில் தெரியாது. எறியும்போது நாடாவை வெட்டிவிட்டு எறியுங்கள், குப்பையில் இருந்து வேறு யாராவது எடுத்துத் தன் பிள்ளைக்குப் போட்டுவிடுவார்கள்.